மாதாமாதம் பாஸ்வேர்ட் மாற்றச் சொல்கிறார்கள். மறந்துபோனால் தப்பு என்னுடையதா?

கேள்வி: நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 47. எங்கள் அலுவலகக் கணினியில் 30 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. பெரிய எழுத்து, எண், குறியீடு மூன்றும் கட்டாயம். முன்பு வைத்த பத்தில் எதையும் திரும்ப வைக்க முடியாது. மூன்று தடவை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். போன மாதம், கணக்கு முடிக்கும் நாளன்றே பூட்டிக்கொண்டது. ஐ.டி. பிரிவிலிருந்து ஆள் வந்து திறந்துவிட அரை நாள் ஆனது. மேலாளர் எல்லார் முன்னாலும் 'இதைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதா?' என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து ஒரு சின்ன நோட்டில் எழுதி மேசை இழுப்பறையில் வைக்கிறேன். பக்கத்து இருக்கைப் பையன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். புதிதாக வந்த ஐ.டி. அதிகாரியிடம் கேட்டால், 'உலகம் முழுக்க இதுதான் விதி' என்கிறார். எழுதி வைப்பது அவ்வளவு பெரிய தப்பா? சப்ளையர் தளம் ஒன்றில் நாங்கள் மூன்று பேர் ஒரே லாகினைப் பயன்படுத்துகிறோம், அதில் ஆபத்து இருக்கிறதா? பிரவுசர் 'சேமிக்கட்டுமா' என்று கேட்கும்போது சரி என்று அழுத்தலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மேலாளர் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. உங்களால் மட்டுமில்லை, அவராலும் முடியாது. எண்ணும் குறியீடும் கலந்த ஒன்றைப் புதிதாக யோசித்து, மனப்பாடம் செய்து, விரல்களுக்கு அது பழகி வரும் நேரத்தில் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை யோசி என்றால், எந்த மூளையும் குறுக்குவழி தேடத்தான் செய்யும். அலுவலகங்களின் கணினிப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். இந்த விதி இருக்கும் இடங்களில் எல்லாம் அந்தக் குறுக்குவழி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

உங்கள் நோட்டைப் பார்க்காமலே ஒரு ஊகம் சொல்கிறேன். ஒரு பெயர் இருக்கும்; அதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. அடுத்து ஒரு '@'. கடைசியில் இரண்டு இலக்க எண். இந்த மாதம் மல்லிகா@07 என்றால் அடுத்த மாதம் மல்லிகா@08. பத்து பழைய பாஸ்வேர்டைத் திரும்ப வைக்கக் கூடாது என்ற தடையையும் இந்த எண் அழகாகத் தாண்டிவிடும். கணினிக்குத் திருப்தி, உங்களுக்கும் நிம்மதி. விதியில் கேட்ட எல்லாமே இருக்கிறது. ஆனால் ஜூலை மாதத்தது ஒருவன் கையில் கிடைத்துவிட்டால் ஆகஸ்ட் மாதத்ததைக் கண்டுபிடிக்க அவனுக்குப் பெரிய மூளை வேண்டியதில்லை.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். அங்கேயும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்ற விதி இருந்தது. பயன்பாட்டில் இல்லாத 10,000க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய பாஸ்வேர்டுகளை வரிசையாக எடுத்து, ஒன்று தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று ஆராய்ந்தார்கள். 17 சதவீதக் கணக்குகளில், முந்தையது தெரிந்தால் ஐந்து முயற்சிக்குள் அடுத்தது கிடைத்துவிட்டது. பாஸ்வேர்ட் கோப்பே திருடன் கையில் இருக்கும் நிலை என்றால், 41 சதவீதம் சில வினாடிகளில் விழுந்தது. எண்ணை ஒன்று கூட்டுவது, 'எஸ்' எழுத்தை டாலர் குறியாக்குவது, குறியீட்டை முன்னாலிருந்து பின்னால் தள்ளுவது என்று மனிதர்கள் செய்கிற மாற்றங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை ஒரு நிரலில் எழுதிவிட்டால் மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

சரி, அப்படியென்றால் இந்த விதி எங்கிருந்து வந்தது? உங்கள் ஐ.டி. அதிகாரி பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் உலகம் முழுக்க இதுதான் விதியாக இருந்தது. 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு கடவுச்சொல் வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஒரு கணக்கு இருந்தது. எதிரி தொலைபேசி இணைப்பு வழியாக ஒவ்வொன்றாக ஊகித்துக்கொண்டே இருக்கிறான். நிமிடத்துக்குச் சில முயற்சிதான் அவனால் முடியும். எத்தனை மாதத்தில் அவன் சரியானதை எட்டுவான் என்று பார்த்து, அதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். அந்தக் காலத்துக் கருவிகளுக்கு அது நியாயமான யோசனை. அந்த வழிகாட்டிகூட அதிகபட்சம் ஒரு வருடம் என்றுதான் சொன்னது. அது எப்போது 90 நாளாகி, எப்போது 30 நாளாகச் சுருங்கியது என்று கேட்டால், ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொருவர் 'இன்னும் கொஞ்சம் கடுமையாக இருக்கட்டும்' என்று நினைத்ததுதான் காரணமாக இருக்கும்.

பெரிய எழுத்து, எண், குறியீடு என்ற சடங்கு பரவியதற்கு இன்னொரு ஆவணம் காரணம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக நிஸ்ட், 2003இல் ஒரு வழிகாட்டி தயாரித்தது. அதன் கடவுச்சொல் பகுதியை எழுதியவர் பில் பர். அவரிடம் கையில் தரவு எதுவும் இல்லை. தங்கள் நிறுவனத்து ஊழியர்களின் உண்மையான பாஸ்வேர்டுகளைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார். கணினி நிர்வாகிகள் மறுத்துவிட்டார்கள். மறுத்தது சரிதான், நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன். கடைசியில் எண்பதுகளில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையை நம்பி அவர் எழுதினார். உலகம் அதை எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு, 2017இல், ஒரு பத்திரிகைப் பேட்டியில், தான் செய்ததில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக அவரே சொன்னார். ஒரு விதியை எழுதியவரே கைவிட்ட பிறகும் அது அலுவலகங்களில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதே 2017இல் நிஸ்ட் புதிய வழிகாட்டியை வெளியிட்டது. காரணமில்லாமல் நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், பெரிய எழுத்து, குறியீடு என்று கலவையைத் திணிக்க வேண்டாம், நீளத்தை அனுமதியுங்கள், ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் மட்டும் நிராகரியுங்கள் என்றது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து காலாவதி விதியை நீக்கியது. நிஸ்டின் 2025 பதிப்பில் 'வேண்டாம்' என்பது 'கூடாது' என்று இன்னும் கறாராகிவிட்டது. பாஸ்வேர்ட் கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் கட்டாயம் மாற்ற வைக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. நிஸ்டின் சொல் அமெரிக்க அரசு அலுவலகங்களைத்தான் கட்டுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் 'உலக விதி' என்று பேசுகிறவர்கள் மேற்கோள் காட்டுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐ.டி. அதிகாரியிடம் பேசும்போது உங்களுக்கு இது உதவும். பாஸ்வேர்டை ஊகிப்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, லாகின் பக்கத்தில் வந்து அடித்துப் பார்ப்பது. இதைத் தடுப்பது சுலபம். சில முயற்சிகளுக்குப் பிறகு தாமதப்படுத்தினாலே போதும். நிஸ்ட் இதற்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு என்ன தெரியுமா? தொடர்ந்து 100 தவறான முயற்சி. உங்கள் அலுவலகத்தில் மூன்று. நூறு முயற்சியில் ஊகிக்கக்கூடிய அளவுக்குப் பலவீனமான பாஸ்வேர்டை முதலிலேயே அனுமதிக்காமல் இருந்தால், மூன்றாவது தட்டில் கணக்கைப் பூட்டி, மாதக் கணக்கு முடிக்கும் நாளில் ஒரு ஆளை அரை நாள் உட்கார வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது வகைதான் ஆபத்தானது. திருடன் நிறுவனத்தின் பாஸ்வேர்ட் கோப்பையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அதில் பாஸ்வேர்ட் நேராக இருக்காது. ஒரு கணித முறையில் உருமாற்றி வைத்திருப்பார்கள். அதை அவன் தன் இயந்திரத்தில் வைத்து, யாருக்கும் தெரியாமல், எந்தப் பூட்டும் இல்லாமல் ஊகித்துப் பார்ப்பான். விண்டோஸில் இன்னும் புழங்கும் பழைய உருமாற்ற முறைக்கு எதிராக, விளையாட்டுக் கணினிகளில் இருக்கும் உயர்தர கிராபிக்ஸ் அட்டை ஒன்றே வினாடிக்கு 20,000 கோடிக்கு மேல் முயற்சி செய்யும். எட்டு எழுத்தில் விசைப்பலகையில் உள்ள எல்லாக் குறிகளையும் கலந்தாலும் மொத்தம் சுமார் 66 கோடி கோடி சேர்க்கைதான். கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது, இல்லையா? அந்த அட்டைக்கு அது ஒரு வேலை நாள். இப்போது சொல்லுங்கள்: ஒரே நாளில் உடையக்கூடிய ஒன்றை 30 நாளுக்கு ஒரு முறை மாற்றி யாரைத் தடுக்கப் போகிறோம்? திருடியவன் முப்பதாம் நாள் வரை காத்திருக்கவும் மாட்டான். கிடைத்த அன்றே உள்ளே வந்து தனக்கென்று இன்னொரு வழி வைத்துக்கொள்வான். அப்புறம் நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன.

இந்த விதியால் வரும் இன்னொரு கேட்டைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. உங்களுக்கு மாதாமாதம் ஒரு மின்னஞ்சல் வரும்: 'உங்கள் கடவுச்சொல் 2 நாளில் காலாவதியாகிறது. மாற்ற இங்கே அழுத்தவும்.' நீங்கள் அழுத்துவீர்கள். அழுத்தாவிட்டால் பூட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. இப்படி வருடக் கணக்கில் பழக்கிவிட்ட பிறகு, ஒரு மோசடிக்காரன் அச்சு அசலாக அதே வாசகத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால்? அவன் புதிதாக எந்தக் கதையும் கட்ட வேண்டியதில்லை. பழைய பாஸ்வேர்ட் என்ன, புதியது என்ன என்று அவன் பக்கத்தில் இரண்டு கட்டம் இருக்கும். இரண்டையும் நீங்களே நிரப்பித் தருவீர்கள். பாஸ்வேர்ட் காலாவதி என்பது மோசடி மின்னஞ்சல்களில் சலிக்காமல் வரும் பல்லவி. காலாவதியே இல்லாத அலுவலகத்தில் அந்த மின்னஞ்சல் வந்தால், 'இங்கே அப்படி எதுவும் கிடையாதே' என்று யாராவது ஒருவராவது நிமிர்ந்து பார்ப்பார்.

ஆகவே இப்போதைக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மின்னஞ்சல் உண்மையாகவே இருந்தாலும் அதில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். கணினியில் நீங்கள் வழக்கமாக மாற்றும் இடத்துக்கு நீங்களாகவே போய் மாற்றுங்கள்.

நோட்டு விஷயத்துக்கு வருவோம். எழுதி வைப்பது பெரிய தப்பு இல்லை. சிரிக்கும் அந்தப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'உன் அலுவலக பாஸ்வேர்டும் உன் சொந்த மின்னஞ்சல் பாஸ்வேர்டும் ஒன்றா?' பதில் சொல்ல இழுத்தால், உங்கள் இழுப்பறையைவிட அவன் தலைதான் ஆபத்தான இடம். கணினிப் பாதுகாப்பில் பெயர் பெற்ற புரூஸ் ஷ்னையர் 2005இலேயே சொல்லிவிட்டார்: ஊகிக்க முடியாத பாஸ்வேர்ட் வையுங்கள், அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மற்ற முக்கியமான காகிதங்களோடு பர்சில் வையுங்கள் என்று. சிறு காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நமக்குக் கைவந்த வேலை. தொலைதூரத்தில் உட்கார்ந்து தாக்குகிறவனால் உங்கள் பர்சைத் திறக்க முடியாது.

ஆனால் இழுப்பறைக்குப் பூட்டு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பூட்டு இல்லையென்றால் நோட்டை அங்கே வைக்காதீர்கள், பையில் உங்களோடு வரட்டும். எந்தக் கணக்கு, எந்தப் பயனர் பெயர் என்று பக்கத்திலேயே எழுதாதீர்கள். திரையில் ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது. பிரான்சில் டிவி5மோண்ட் என்ற தொலைக்காட்சி 2015 ஏப்ரலில் பெரிய இணையத் தாக்குதலுக்கு ஆளானது. அதைப் பற்றி அங்கே வேலை செய்யும் ஒருவரைப் பேட்டி எடுத்து இன்னொரு சேனல் ஒளிபரப்பியது. அவருக்குப் பின்னால் ஒட்டியிருந்த காகிதங்களில் நிறுவனத்தின் சமூக ஊடகக் கணக்குகளின் பாஸ்வேர்டுகள். நாடே பார்த்தது. உங்கள் அலுவலகத்தில் டிவி கேமரா வராது என்றாலும், பிறந்தநாள் கொண்டாட்டத்தில் யாராவது செல்ஃபி எடுப்பார்கள்.

அடுத்து, எப்படிப்பட்ட பாஸ்வேர்ட் வைப்பது? சம்பந்தமில்லாத சில சொற்களை வரிசையாக வையுங்கள். இங்கே 'சம்பந்தமில்லாத' என்பதுதான் உயிர். பழமொழி, பாட்டு வரி, குறள், வீட்டில் உள்ளவர்கள் பெயர் எதுவும் ஆகாது. இவையெல்லாம் ஊகப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பவை. நாமாக யோசித்தால் சம்பந்தம் வந்துவிடும். அதனால் தாயக்கட்டைபோல் உருட்டி எடுக்கும் ஒரு முறை இருக்கிறது. ஆறு முகப் பகடையை ஐந்து தடவை உருட்டினால் 7,776 விதமான விடை வரும். அத்தனை சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் சொல்லை எடுக்க வேண்டும். அர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் என்பவர் 1995இல் வகுத்தது. 'குடை, முதலை, வட்டி, தூரிகை, சலவை' என்று வந்தால் அப்படியே ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். முதலை ஒன்று குடை பிடித்துக்கொண்டு வட்டி வசூலிக்கப் போகும் காட்சி எப்படியும் மனதில் ஒட்டிக்கொள்ளும், மறக்க முயன்றாலும் முடியாது.

எத்தனை சொல் வேண்டும் என்பதில் பலர் மேலோட்டமாக 'மூன்று நான்கு போதும்' என்று சொல்லிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நான்கு சொல் என்றால் சுமார் 36 கோடி கோடி சேர்க்கை. மேலே சொன்ன எட்டு எழுத்துக் கலவையைவிடக் குறைவு. மனதில் நிற்கும் என்பது மட்டுமே லாபம். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் அதுவே 7,776 மடங்காகப் பெருகும். மேலே சொன்ன அட்டைக்கு நான்கு சொல் சில மணி நேர வேலை, ஐந்து சொல் சில வருட வேலை, ஆறு சொல் பல ஆயிரம் வருட வேலை. நான் ஐந்துக்குக் குறைய யாருக்கும் சொல்வதில்லை. உங்கள் அலுவலகம் குறியீடும் எண்ணும் கேட்கிறது என்பதால், சொற்களுக்கு நடுவே ஒரு குறியீட்டையும் ஒரு எண்ணையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் விதி எடுக்கப்படும் வரை மாதம் ஒரு முறை ஒரே ஒரு சொல்லை உருட்டி மாற்றுங்கள். நோட்டில் அந்தப் புதிய சொல்லை மட்டும் எழுதினால் போதும். யார் கையில் கிடைத்தாலும் அதைத் தனியாக வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நீளமாக வைப்பதோடு கதை முடியவில்லை. அலுவலகத்துக்கு வைத்ததை வேறு எங்கும் வைக்காதீர்கள். கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனத்துக்கு 2012இல் நடந்தது இதற்கு நல்ல பாடம். அங்கே வேலை செய்த ஒருவர் வேறொரு தளத்தில் வைத்திருந்த பாஸ்வேர்டையே அலுவலகத்திலும் வைத்திருந்தார். அந்த வேறு தளத்திலிருந்து கசிந்தது, இங்கே கதவைத் திறந்தது. கோடிக்கணக்கான பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயின. இன்றைக்கு நடக்கும் கணக்குத் திருட்டுகளில் பலவற்றில் யாரும் எதையும் ஊகிப்பதே இல்லை. ஒரு இடத்தில் கசிந்த பட்டியலை எடுத்து மற்ற இடங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். கணினிப் பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தக் கசிவில் அது இருக்கிறது என்று காட்டும். காசு கிடையாது. பார்த்துவிட்டு, காட்டும் இடங்களில் மாற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்ற உண்மையான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த மாதிரிச் சமயங்களைத்தான்: கசிந்துவிட்டது, ஏமாந்து போலிப் பக்கத்தில் அடித்துவிட்டோம், பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கணினியில் வைரஸ் புகுந்தது. அப்போது 30 நாள் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மாற்ற வேண்டும்.

உங்கள் மூன்று பேர் லாகின் அந்த மூன்றாவது சமயத்தில் வருகிறது. ஆம், இதில் ஆபத்து இருக்கிறது. யாராவது திருடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் ஒரு ஆர்டர் தொகை தப்பாகப் போனால், மூன்று பேரில் யார் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. அலுவலகத்தில் எல்லாரும் உங்களை ஏற்கெனவே 'பாஸ்வேர்ட் மறப்பவர்' என்று வேறு பார்க்கிறார்கள். சப்ளையரிடம் ஆளுக்கொரு லாகின் கேளுங்கள். பெரும்பாலான தளங்களில் அந்த வசதி இருக்கும், யாரும் கேட்காததால் தராமல் இருப்பார்கள். முடியவே முடியாது என்றால், மூவரில் ஒருவர் விலகும் அன்றே மாற்றுவது என்று எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது ஐ.டி. அதிகாரியிடம் எப்படிப் பேசுவது? 'உங்கள் விதி தப்பு' என்று போனால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். புதிதாக வந்தவர், அந்த விதியை வைத்தவரும் அவராக இருக்க மாட்டார். இப்படி எழுதுங்கள்: 'மாத இறுதியில் கணக்கு பூட்டிக்கொண்டதால் அரை நாள் வேலை நின்றது. 30 நாள் காலாவதி எந்தத் தணிக்கைக்காக அல்லது ஒப்பந்தத்துக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா? அப்படி எதுவும் இல்லையென்றால், நிஸ்ட் வழிகாட்டியின்படி காலாவதியை எடுத்துவிட்டு, குறைந்தபட்ச நீளத்தைக் கூட்டி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைச் சேர்க்கப் பரிசீலிக்கக் கோருகிறேன்.' மூன்றே வரி. மேலாளருக்கும் ஒரு நகல். எல்லார் முன்னாலும் அவர் கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது.

தணிக்கை பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவர் கை உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கலாம். கார்டு மூலம் பணம் வாங்கும் நிறுவனங்களுக்கான பி.சி.ஐ. தரநிலை, 2022இல் வந்த நான்காம் பதிப்பிலும், பாஸ்வேர்ட் மட்டுமே பாதுகாப்பாக இருக்கும் இடத்தில் 90 நாளுக்கு ஒரு முறை மாற்றுவதை ஒரு வழியாக வைத்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள், பாஸ்வேர்ட் மட்டும் இருந்தால்தான். இரண்டாவது சரிபார்ப்பு ஒன்று சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டாயம் பொருந்தாது. அப்படியே இருந்தாலும் 90தான், 30 இல்லை. அவர் தணிக்கையைக் காரணம் காட்டினால் இந்த ஒரு வாதம் போதும், பேச்சு நகரும்.

இரண்டாவது சரிபார்ப்பு என்றால் போனில் வரும் குறியீடு, செயலியில் 'ஆம்' என்று தட்டுவது, அல்லது யு.எஸ்.பி. போலச் செருகும் பாதுகாப்புச் சாவி. மூன்றும் ஒரே தரம் இல்லை. கூகுள், நியூயார்க் பல்கலைக்கழகத்தோடும் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்டதில், குறுஞ்செய்தியில் வரும் குறியீடு, மொத்தமாக அனுப்பப்படும் மோசடி மின்னஞ்சல் தாக்குதல்களில் 96 சதவீதத்தைத் தடுத்தது. ஒரு ஆளைக் குறிவைத்து நடந்தவற்றில் 76 சதவீதத்தைத்தான் தடுத்தது. பாதுகாப்புச் சாவி எல்லாவற்றையும் தடுத்தது. கணக்குப் பிரிவில் பணம் அனுப்பும் அதிகாரம் உள்ளவர்களுக்காவது சாவி வாங்கித் தரலாம். குறுஞ்செய்திதான் கிடைக்கும் என்றால் அதையாவது போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஒரே நிபந்தனை, அந்தக் குறியீட்டைப் போனில் கேட்கிறவர் யாராக இருந்தாலும், ஐ.டி. பிரிவு என்றே சொன்னாலும், சொல்லாதீர்கள்.

கடைசியாக பிரவுசர். கணினி உங்களுக்கு மட்டும் உரியது, எழுந்து போகும்போது திரையைப் பூட்டுகிறீர்கள் என்றால் 'சேமி' என்று தாராளமாக அழுத்தலாம். பலர் மாறி மாறி உட்காரும் கணினி என்றால் வேண்டாம். பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமித்து வைக்கும் 'பாஸ்வேர்ட் மேலாளர்' செயலி ஒன்றை அலுவலகமே வாங்கித் தந்தால் இன்னும் நல்லது. அந்த மூன்று பேர் லாகினைக்கூட அதில் யார் கண்ணிலும் காட்டாமல் பகிர முடியும். கணினிக்குள் நுழையும் பாஸ்வேர்டை மட்டும் பிரவுசரால் நிரப்ப முடியாது. அந்த ஒன்றுக்குத்தான் ஐந்து சொல்லும் நோட்டும். சேமிப்பதில் சோம்பேறித்தனத்தையும் தாண்டி ஒரு லாபம் உண்டு. பிரவுசர் பக்கத்தின் அலங்காரத்தைப் பார்த்து ஏமாறாது. முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் நிரப்பும். தினமும் தானாக நிரம்பும் பக்கம் ஒரு நாள் காலியாக நின்றால், எரிச்சலில் கையால் அடித்துவிடாமல், மேலே முகவரிப் பட்டையில் என்ன இருக்கிறது என்று முதலில் படித்துப் பாருங்கள்.